கணக்கில் ஏறாத பணி: கண்டி வைத்தியசாலைகளின் தமிழ் பேசும் தாதியருக்கு ஒரு திறந்த மடல்

கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை, கம்பளை, நாவலப்பிட்டி வைத்தியசாலைகள் ஆகியவற்றில் பணிபுரியும் தமிழ் பேசும் தாதிய உத்தியோகத்தர்களுக்கும், அப்பணிக்கெனப் பயின்றுவரும் மாணவ மாணவியருக்கும் எழுதப்படும் மடல் இது.

ஆண்டுதோறும் மே 12 ஆம் திகதி, புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாளில், சர்வதேச தாதியர் தினம் கொண்டாடப்படும்போது தாதியர் வெள்ளுடைத் தேவதைகளாகவும் தாயுள்ளம் கொண்டவர்களாகவும் மேடைகளில் போற்றப்படுகின்றனர். இப்புகழுரையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை; எனினும் அது தாதியருக்கு நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்கிறது. நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் தாதி தரும் ஆறுதல் பிறவிக் குணத்திலிருந்து தானாகச் சுரப்பது என்று கொண்டுவிட்டால், அதைக் கற்பிக்க வேண்டியதில்லை, அதற்கென நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, அதைப் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை, அது குறைந்துபோகும்போது நிர்வாகம் பொறுப்பேற்கவும் வேண்டியதில்லை. அன்பு போதாத தாதி ஒருவரே குற்றவாளியாக நிற்பார். ஆறுதல் கற்றுத் தேரவேண்டிய தொழில்திறன் என்றும், கண்டியில் அத்திறனின் பெரும்பகுதி தமிழ் பேசும் தாதியரின் தோளில் சத்தமின்றி ஏற்றப்பட்டிருக்கிறது என்றும், அது கணக்கில் ஏறவேண்டும் என்றும் வற்புறுத்தவே இம்மடல் எழுதப்படுகிறது.

இங்கு ஆறுதல் எனப்படுவது நல்வார்த்தை கூறுவதோடு முடிவதில்லை. வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர் தம் உடலின் மீதும் தம் பொழுதின் மீதும் இருந்த அதிகாரத்தை ஒரே நாளில் இழக்கிறார். எப்போது உண்பது, எப்போது விளக்கை அணைப்பது, யார் தம்மைத் தொடுவது என்பவற்றையெல்லாம் பிறர் தீர்மானிக்கின்றனர். அடுத்த மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை. இந்தத் தெரியாமையிலிருந்து எழும் அச்சத்தைக் குறைக்கும் செயல்கள் அனைத்தும், அதாவது ஊசி எதற்கெனப் போடுமுன் கூறுவது, பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் எனத் தெரிவிப்பது, இரவில் வலி கூடினால் யாரை எப்படி அழைப்பது எனக் காட்டுவது ஆகிய சிறு செயல்களும், ஆறுதலில் அடங்கும். அமெரிக்கத் தாதியியல் அறிஞர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952 இல் வெளியிட்ட நூலில் தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே சிகிச்சைக் கருவியாகக் கொண்டார். முன்பின் அறியாத இருவர் சந்தித்து, ஒருவரின் தேவையை மற்றவர் அறிந்து நிறைவேற்றி, இறுதியில் பிரிவது வரை அவ்வுறவு கட்டங்கட்டமாக நகர்கிறது என்றும், அந்தப் பிரிவும் கவனத்தோடு செய்யவேண்டிய வேலையே என்றும் விளக்கினார். நைட்டிங்கேலோ, 1859 இல் வெளிவந்த தமது சிறு நூலில், நோயாளியின் உண்மை நிலையை அறியாமலே பார்வையாளர்கள் அள்ளி வீசும் வெற்று நம்பிக்கைகளுக்கென ஓர் இயலை ஒதுக்கி, அவை நோயாளியைத் தேற்றுவதில்லை, வாட்டுகின்றன என்று கடிந்தார். நோயாளியின் காதில் அரைகுறையாக விழும்படி கிசுகிசுப்பதைக் கொடுமை என்றே கருதினார். மேடையில் அவர் பெயரை உச்சரிப்போர் அந்நூலைப் புரட்டியிருந்தால் தேவதைப் பேச்சு சற்றே குறைந்திருக்கும்.

கண்டியில் இப்பணிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலையான கண்டி தேசிய வைத்தியசாலைக்கு மத்திய மாகாணத்திலிருந்து மட்டுமன்றி அயல் மாகாணங்களிலிருந்தும் நோயாளர் அனுப்பப்படுகின்றனர். வத்தேகமவிலிருந்து வந்த சிங்கள விவசாயியும், அக்குறணையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரும், தெல்தோட்டைத் தோட்டமொன்றிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளியும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கக்கூடிய இடம் அது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டம் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்களே இன்று கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவ ஆகிய பகுதிகளின் லயங்களிலிருந்து, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து, கண்டிக்கு பஸ் ஏறுகின்றனர். தோட்டத்தில் துரையின் முன்னும் கணக்கப்பிள்ளையின் முன்னும் எதிர்க்கேள்வி கேட்காது நிற்கப் பழக்கப்பட்ட முதியவர்கள் வைத்தியசாலையிலும் அவ்வாறே நிற்கின்றனர். சொன்னதற்கெல்லாம் தலையசைத்துச் 'சரிங்க மிஸி' என்கின்றனர். அந்தத் தலையசைப்பு மரியாதையின் அடையாளமேயன்றிப் புரிந்துகொண்டதன் அடையாளமன்று. குளிசையை எப்போது விழுங்குவீர்கள், வீட்டுக்குப் போனபின் எதைக் கண்டால் உடனே திரும்பி வருவீர்கள் என்று நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கும் முறை தாதியியலில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. தோட்டத்து நோயாளியைப் பொறுத்தவரை அது மருந்தறிவைச் சோதிக்கும் வழி மட்டுமன்று, தம் பேச்சையும் ஒருவர் காத்திருந்து கேட்கிறார் என்பதை அவர் முதன்முறையாக உணரும் வழியுமாகும்.

தோட்டப் பேச்சில் ஒரு நாள் வேலை பதியப்படுவது 'பேர்' எனப்படும். வேலைக்குப் போகாத நாளில் பேர் விழாது, கூலியும் கிடைக்காது. கணவரைப் பார்க்கக் கண்டிக்கு வரும் மனைவி ஒரு பேரை இழந்தே வருகிறார். பஸ் செலவு வேறு. பெரும்பாலான அரச வைத்தியசாலைகளில் பார்வையாளர் நேரம் நண்பகலை ஒட்டியும் மாலையிலும் அமைகிறது. நண்பகலில் அவர் வந்து சேரும்போது விசேட வைத்திய நிபுணர் விடுதியைச் சுற்றிப் பார்த்துச் சென்றிருப்பார். காலை முறைத் தாதியர் 1 மணிக்குப் பொறுப்பை அடுத்த முறையினரிடம் கையளிக்கும் அவசரத்தில் இருப்பர். கேள்வி கேட்பவர் வந்து நிற்கும் நேரமும், பதில் தெரிந்தவர் புறப்படும் நேரமும் இவ்வாறு ஒன்றாகிவிடுகின்றன. 'நாளைக்கு வந்து டொக்டரைக் கேளுங்கள்' என்ற ஒரு வரி சொல்பவருக்கு எளிது. கேட்பவருக்கு அது இன்னொரு பேர். காலைச் சுற்றின்போது வைத்தியர் கூறியவற்றுள் குடும்பத்தாரிடம் தெரிவிக்கத்தக்கவை எவை என்பதை அங்கேயே அவரிடம் கேட்டு இரண்டு வரியில் குறித்துவைக்கும் தாதி, நண்பகலில் அந்த மனைவிக்குச் செய்யும் உதவி எந்த இன்சொல்லாலும் ஈடுசெய்ய முடியாதது.

மொழியைப் பற்றிய சட்டம் தெளிவாகவே உள்ளது. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்வோர் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கையும் வெளியிடப்பட்டது. ஆயினும் பரீட்சையில் தேறிய தமிழுக்கும், நெஞ்சை அடைக்கிறது என்று நள்ளிரவில் ஒரு கிழவி முனகும் தமிழுக்கும் இடையில் தூரம் அதிகம். தோட்டத்துப் பெண் 'மனசு பாரமா கிடக்கு' என்னும்போது அது துயரத்தைக் குறிக்கலாம், மூச்சுத் திணறலைக் குறிக்கலாம், இரண்டையும் ஒருங்கே குறிக்கலாம். பேச்சின் ஓசையைக் கேட்டே வேறுபாட்டை உணர்பவர் அம்மொழியில் வளர்ந்தவராகவே இருப்பார். ஆகவேதான் அடுத்த விடுதியிலிருந்து தமிழ் பேசும் தாதியை 'ஒரு நிமிஷம் வாங்க' என்று அழைக்கிறார்கள். அந்த ஒரு நிமிடம் சில வேளைகளில் அரை மணி நேரமாகிறது. அவருடைய சொந்த விடுதியில் அவர் விட்டுவந்த வேலை அப்படியே காத்துக்கிடக்கிறது. நோயாளியின் வரலாறு எதுவும் தெரியாமல், முன்பின் பாராத ஒருவரின் முகத்தைப் பார்த்து, புற்றுநோய் என்றோ காலை எடுக்கவேண்டும் என்றோ சொல்லும் வாயாக அவர் ஆக்கப்படுகிறார். அவருடைய கடமைப் பட்டியலில் இதற்கெனத் தனி வரி இருப்பது அரிது.

அவரும் கிடைக்காதபோது விடுதியைக் கூட்டும் தொழிலாளியோ, பக்கத்துக் கட்டில்காரரோ, நோயாளியின் பள்ளி செல்லும் பிள்ளையோ மொழிபெயர்க்க நேர்கிறது. அமெரிக்காவில் கிளென் ஃபுளோரஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களுடன் நடந்த 13 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவை வரிவரியாகச் சோதித்து, சந்திப்பொன்றுக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகளைக் கண்டனர். பயிற்சியற்றோர் செய்த பிழைகளே நோயாளியின் நலனைப் பாதிக்கும் வாய்ப்பு அதிகம் கொண்டவையாக இருந்தன. அவ்வாறு மொழிபெயர்த்தவர்களுள் பதினொரு வயதுப் பிள்ளையும் ஒருவர். பிழை ஒருபுறமிருக்க, தாயின் கருப்பையில் கட்டி இருப்பதைத் தாயிடமே சொல்லும் வேலையை ஒரு சிறுமியின் நாவில் வைப்பது எந்த அவசரத்திலும் ஏற்கத்தக்கதன்று. அச்சிறுமிக்கும் அதன்பின் ஆறுதல் தேவைப்படும், அதைத் தருவதற்கு அங்கே எவரும் இருக்கமாட்டார்.

மொழிபெயர்க்க அழைக்கப்படும் தாதியரிடம் இம்மடல் எதிர்பார்ப்பவை சில உண்டு. வைத்தியர் பேசத் தொடங்குமுன் நோயாளி யார், என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்டறிவது அவருடைய உரிமை. கேட்காமல் தொடங்குவது அவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. இரக்கத்தால் செய்தியை மெலிதாக்கிச் சொல்வது இன்னொரு ஆபத்து. 'கட்டி இருக்கு, ஆனா பயப்பட ஒண்ணுமில்ல' என்று வைத்தியர் சொல்லாததைச் சேர்த்துச் சொல்லிவிட்டால், மறுநாள் நோயாளி எடுக்கும் முடிவு அந்த ஒட்டுச்சொல்லின் மீதே நிற்கும். செய்தியை உள்ளவாறே கூறி, அதன் பின்னர் சில நிமிடங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்திருப்பதே இரக்கம் புகவேண்டிய இடம்.

நோயை மறைக்கும்படி குடும்பத்தார் கேட்பது இன்னும் சிக்கலானது. 'அப்பாவுக்குச் சொல்லிப்போடாதீங்க மிஸி, தாங்கமாட்டார்' என்று மகன் விடுதி வாசலில் தாதியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். மேலைநாட்டு நூல்கள் நோயாளியின் தன்னுரிமையை, அதாவது தம் உடலைப் பற்றித் தாமே அறிந்து முடிவெடுக்கும் உரிமையை, முதலில் வைக்கின்றன. நம் வீடுகளிலோ கெட்ட செய்தியைத் தாம் சுமந்து முதியவரைக் காப்பதே பிள்ளையின் கடமை என்று கருதப்படுகிறது. மகனை அறியாதவர் என்று ஒதுக்குவது தவறு. ஆனால் அந்த மறைப்புக்கு உடன்பட்டுத் தாதியும் நடிக்கத் தொடங்கினால், சிகிச்சையின் போக்கிலிருந்தே தம் நோயை ஊகித்துவிட்ட தந்தை, மகனைக் காப்பதற்காகத் தாமும் தெரியாதவர்போல் நடிப்பார். இருவரும் ஒரே அறையில் இருந்தும் இறுதிவரை பேசாமலே பிரிய நேரும். தாதி செய்யக்கூடியது ஒன்றுண்டு. நோயாளியிடம் செய்தியைச் சொல்வது வைத்தியரின் பொறுப்பு. ஆனால் 'உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீர்கள்? அதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, இல்லை மகனிடமே பேசச் சொல்லட்டுமா?' என்று தனியே கேட்டு, கிடைத்த பதிலை வைத்தியருக்கும் மகனுக்கும் தெரிவிப்பது முழுக்கத் தாதியின் எல்லைக்குள் அடங்கும். அறிய விரும்பாதிருப்பதும் ஒருவரின் உரிமைதான். அதை அவரே சொல்லவேண்டும், மகன் சொல்லலாகாது. எலிசபெத் கூப்ளர் ரோஸ் 1969 இல் விவரித்த மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் மாணவர், நோயாளி அவற்றை வரிசைப்படி கடந்தாகவேண்டும் என்று எண்ணிவிடலாகாது. பலர் காலையில் ஏற்று மாலையில் மறுப்பர்.

இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் இப்பணி வேறு வடிவம் கொள்கிறது. செயலிழந்த சிறுநீரகங்களுக்குப் பதிலாக இயந்திரத்தின் வழியே இரத்தத்தைத் தூய்மையாக்கும் இச்சிகிச்சை ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் எடுக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்யவேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட விவசாயிகள் உட்படப் பலர் கண்டியின் சிறுநீரகச் சிகிச்சையை நம்பி வருகின்றனர். ஏனைய விடுதிகளில் நோயாளி சில நாட்களில் வீடு திரும்புவார். இங்கோ அதே முகங்களை ஆண்டுக்கணக்கில் பார்க்கவேண்டும். மகளின் கலியாணம் முதல் வயலின் விளைச்சல் வரை அறிந்த உறவு அது. ஒருவர் வராமற்போனால் ஏனையோர் அனைவரும் அவருடைய இருக்கையைப் பார்த்துத் தம் முறையை எண்ணுகின்றனர். அன்று அவர்களிடம் உண்மையைச் சொல்வதா, பேச்சை மாற்றுவதா என்பதைப் பணியிலிருக்கும் தாதியே அந்தக் கணத்தில் தீர்மானிக்கிறார். பாடநூல் அங்கே கைகொடுப்பதில்லை. கேட்பவருக்குச் சொல்லுதல், கேளாதவரிடம் வலிந்து சொல்லாதிருத்தல், இறந்தவரின் பெயரை வழக்கம்போல் உச்சரித்தல் என்ற எளிய முறையே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நெருக்கடிக் காலங்களில் நிறுவனத்தின் இயலாமையைத் தாதியின் வாயே அறிவிக்க நேர்ந்திருக்கிறது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மருந்துகள் அருகியபோது, 2022 மார்ச் இறுதியில், பேராதனை போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. இந்திய வெளியுறவு அமைச்சரே அச்செய்தியைக் கண்டு கவலை தெரிவித்து உதவி பற்றிக் கேட்கும் அளவுக்கு அது பெரிய செய்தியானது. ஆயினும் நாள் குறித்து வயிற்றைப் பட்டினி போட்டுக் காத்திருந்தவருக்கு அமைச்சர்கள் பதில் கூறுவதில்லை. அதற்கு முன், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி இறுதிவரை, கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்கள் எரிக்கப்பட்டாக வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருந்தபோது, முஸ்லிம் குடும்பங்களுக்கு மரணத்துக்கும் மேலான துயரமாக அது அமைந்தது. மருத்துவ நியாயமற்ற அவ்விதிக்காக அரசு 2024 இல் மன்னிப்புக் கோரியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் மண்சரிவுகளும் கண்டி மாவட்டத்தைத் தாக்கியபின், உடல் கிடைக்காத உறவினருக்காகக் காத்திருந்தோர் வேறொரு துயரத்தைச் சுமந்தனர். இறந்தாரா இல்லையா என்று உறுதியாகாத நிலையை உளவியலாளர் போலின் பாஸ் தெளிவற்ற இழப்பு என்று வகுத்தார். அழுது முடிக்க இயலாத துயரம் அது. இத்தகையோரிடம் 'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்பது பொருந்தாது. தேடல் எந்த நிலையில் உள்ளது, யாரிடம் கேட்கலாம் என்ற தகவலே அவர்களுக்குரிய ஆறுதல்.

தாதியரின் சொந்த நிலையையும் இங்கே பேசியாக வேண்டும். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983 இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காக முகத்தையும் மனதையும் குறித்த பாவனையில் வைத்திருக்கும் வேலையை உணர்ச்சி உழைப்பு என்று அழைத்தார். உள்ளே ஒன்றை உணர்ந்து வெளியே வேறொன்றைக் காட்டிக்கொண்டே இருப்பது மனிதரைக் களைப்படையச் செய்யும் என்பது அவருடைய முக்கியக் கண்டறிதல். பிறர் துன்பத்தை இடையறாது சுமப்பவர் ஒரு கட்டத்தில் எதையும் உணராதவராக மாறுவது கருணைச் சோர்வு எனப்படுகிறது. 'அந்த மிஸிக்கு மனசே இல்லை' என்று நோயாளர் குறைகூறும் தாதி, பெரும்பாலும், ஒரு காலத்தில் மற்றவர்களைவிட அதிகமாக அழுதவராகவே இருப்பார். பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் வெளிநாடு சென்றதனால் எஞ்சியோரின் முறைகள் நீண்டன. அவர்களிடம் இன்னும் கொஞ்சம் அன்பாக இருங்கள் என்று மட்டும் கேட்பது அநீதி. மரணம் நிகழ்ந்த இரவின் மறுநாள் பத்து நிமிடம் சக தாதியர் அமர்ந்து பேசுவதற்கு விடுதிப் பொறுப்பாளர் இடம் தந்தால், அது எந்த விருது விழாவையும்விட மேலானது.

ஆகவே வேண்டுகோள் இது. வேறு விடுதிக்கு மொழிபெயர்க்க அழைக்கப்பட்டால், நேரத்தையும் விடயத்தையும் ஒரே வரியில் அந்நோயாளியின் பதிவேட்டிலும், தமது விடுதியின் அறிக்கையிலும் தாதியர் எழுதிவைக்கட்டும். 'குடும்பத்துக்கு விளக்கம் கூறப்பட்டது, மனைவிக்கு இன்னும் இக்கேள்விகள் உள்ளன' என்ற குறிப்பு 1 மணிக் கையளிப்பில் இரத்த அழுத்தத்தின் எண்ணோடு சேர்த்து வாசிக்கப்படட்டும். ஆறு மாத ஏடுகளைக் கூட்டிப் பார்த்தால், எத்தனை மணி நேரம் எவருடைய உழைப்பில் போகிறது என்பது தெரியும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை நியமிக்கக் கோருவோருக்கு அதைவிட வலுவான சான்று கிடைக்காது. மருத்துவமனையில் மரணம் நிகழ்ந்தால் குடும்பம் முதலில் செல்லவேண்டிய இடம் எது, மரண விசாரணை அதிகாரியின் விசாரணை எப்போது தேவைப்படும், உடனே அடக்கம் செய்யவேண்டிய முஸ்லிம் குடும்பம் யாரிடம் அவசரத்தைத் தெரிவிப்பது, இறுதி மூச்சின்போது யாசீன் ஓதவோ, துளசி நீர் வார்க்கவோ, பிரித் ஓதவோ, அருட்தந்தையை அழைக்கவோ எவ்வளவு நேரம் அனுமதிக்கப்படும், உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்ல எந்தக் கடிதம் வேண்டும் ஆகிய விவரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளின் இரு பக்கங்களில் அடங்கக்கூடியவை. அத்தாளின் தமிழ்ப் பக்கத்தை நிர்வாகம் எழுதித்தரும் என்று காத்திராமல், நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் கண்டியிலும் உள்ள தமிழ் பேசும் தாதியர் நால்வர் ஐவர் கூடி ஒரு வரைவை எழுதி, லயத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டிக்கு வாசித்துக் காட்டி, அவருக்கு விளங்காத சொற்களை மாற்றியபின் பணிப்பாளரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம்.